அலுமினியத் தொரட்டியும் மின்கம்பியும்: வீட்டு மர வேலையில் உயிர் எப்படிப் போகிறது

ஒவ்வொரு மழைக்காலத்திலும் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் ஒரு மூலையில் இந்தச் செய்தி வந்துவிடும். ஊர் மாறும், பெயர் மாறும், மற்றபடி வாசகம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: மாடியில் நின்றபடி முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார், அல்லது தென்னை மட்டையைக் கழித்துக்கொண்டிருந்தார், கையிலிருந்த கம்பி "எதிர்பாராத விதமாக" மின்கம்பியில் உரசியது. சில சமயம் கூடவே இன்னொரு வரியும் இருக்கும். அலறல் கேட்டு ஓடிவந்து தூக்கப் போனவரும் இறந்துவிட்டார் என்று.

அந்த "எதிர்பாராத விதமாக" என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எட்டு மீட்டர் உயர மரம், ஆறு மீட்டரில் ஓடும் கம்பி, கையில் ஐந்து மீட்டர் அலுமினியக் கோல். இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை வேலை தொடங்கும் முன்பே, தரையில் நின்றபடியே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். கிளை முறிவதும், ஏணி சறுக்குவதும், மெஷின் எகிறுவதும்கூட அப்படித்தான். மின்சாரம்தான் இதில் ஆளைக் கொல்வது, பலருக்குக் குழப்பம் இருப்பதும் அதில்தான், அதனால் அதை விரிவாகப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

முதலில், அந்தக் கம்பியில் என்ன ஓடுகிறது?

தெருவில் நாம் பார்க்கும் லைன் பெரும்பாலும் இரண்டு வகை.

1. எல்.டி. லைன், அதாவது தாழ்வழுத்தப் பாதை. ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீடுகளுக்கு வருவது. ஒரு போஸ்டில் நான்கைந்து கம்பிகள் ஓடும். ஒரு ஃபேஸ் கம்பிக்கும் தரைக்கும் நடுவே சுமார் 230 வோல்ட், இரண்டு ஃபேஸ் கம்பிகளுக்கு நடுவே சுமார் 400 வோல்ட்.

2. ஹெச்.டி. லைன், அதாவது உயரழுத்தப் பாதை. ஊருக்குள் வருவது பெரும்பாலும் 11,000 வோல்ட். மூன்று கம்பிகள்தான் இருக்கும், பீங்கான் இன்சுலேட்டர் பெரிதாக இருக்கும், ட்ரான்ஸ்ஃபார்மரின் மேல்பக்கம் வந்து சேர்வது இதுதான். 11,000 என்பது இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள அழுத்தம். ஒரு கம்பிக்கும் தரைக்கும் நடுவே சுமார் 6,350 வோல்ட்.

பல பேர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. இந்த இரண்டிலுமே பெரும்பாலான இடங்களில் ஓடுவது வெறும் அலுமினியக் கம்பி, மேலே உறை கிடையாது. தூரத்திலிருந்து பார்க்கும்போது கறுத்துத் தெரிவதால் மேலே ரப்பர் இருப்பதுபோல் தோன்றும். அது வெயிலிலும் தூசியிலும் அலுமினியம் நிறம் மங்கியது, அவ்வளவுதான்.

உடம்புக்கு என்ன ஆகிறது என்பதை முடிவு செய்வது உள்ளே பாயும் மின்னோட்டம். அதை மில்லிஆம்பியரில் அளப்பார்கள், ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1 மில்லிஆம்பியர் பாய்ந்தால் சுருக்கென்று தெரியும். 10 முதல் 20-க்குள் கைத்தசை இறுகிக்கொள்ளும், பிடித்ததை விட முடியாது. "கரண்ட் இழுத்துப் பிடித்துக்கொண்டது" என்று சொல்கிறோமே, உண்மையில் பிடிப்பது நம்முடைய கைதான். 30-ஐத் தாண்டினால் மூச்சுத் தசை இறுகும். 50, 100 என்று போனால் இதயம் துடிப்பதை விட்டு நடுங்க ஆரம்பிக்கும், ரத்தம் ஓடாது.

ஈரக்கையோடு நிற்கும் ஒருவரின் உடம்பு மின்சாரத்துக்குக் காட்டும் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 230 மில்லிஆம்பியர். அதாவது வீட்டுக்கு வரும் சாதாரண லைனே போதும், உயிரை எடுக்கத் தேவையானதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அதில் வந்துவிடுகிறது. ஹெச்.டி. லைனில் அதே கணக்கு 6 ஆம்பியரைத் தாண்டும். அங்கே உடம்பு உள்ளிருந்தே கருகுகிறது.

செருப்பு, ட்ரிப்பர், ஃப்யூஸ் எல்லாம் இருந்தும் ஏன் காப்பாற்றவில்லை?

இப்படி ஒரு சாவு நடந்த வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்று பேசும் கேள்விகள் இவை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. காலில் செருப்பு போட்டிருந்தாரே? புதிதாக, காய்ந்ததாக, ஓட்டை இல்லாமல் இருக்கும் ரப்பர் செருப்பு 230 வோல்ட்டுக்குக் கொஞ்சம் தடை கொடுக்கும். தோட்டத்தில் நிற்கும் செருப்பு அப்படி இருப்பதில்லை. தேய்ந்திருக்கும், சேறு ஒட்டியிருக்கும், குதிகால் பின்பக்கம் ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதுவுமில்லாமல் மாடியில் நிற்பவர் இடுப்பைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துக்கொண்டுதான் கோலை நீட்டுவார். மழையில் நனைந்த சுவர் வழியாகவே மின்சாரம் இறங்கிவிடும். 11,000 வோல்ட் லைனுக்கு முன்னால் செருப்பைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை.

2. வீட்டில் ட்ரிப்பர் இருக்கிறதே? ஆர்.சி.சி.பி. அல்லது ஈ.எல்.சி.பி. என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் அந்தக் கருவி, 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்துக்குள் மின்சாரத்தை வெட்டிவிடும். மோட்டார், புல் வெட்டும் எலக்ட்ரிக் மெஷின் போன்றவற்றில் ஷாக் அடித்தால் உயிரைக் காப்பாற்றுவது அதுதான், எல்லா வீட்டிலும் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் அது பார்ப்பது மீட்டருக்குப் பிறகு வீட்டுக்குள் போய் வரும் மின்சாரத்தை மட்டும். தெருக்கம்பியிலிருந்து கோல் வழியாக உங்கள் உடம்புக்கு வரும் மின்சாரம் அதன் வழியாக வரவே இல்லை.

3. ஃப்யூஸ் போயிருக்க வேண்டாமா? ட்ரான்ஸ்ஃபார்மர் ஃப்யூஸ் ஒரு தெரு முழுவதற்குமான சுமையைத் தாங்கும் அளவு கொண்டது, நூறு ஆம்பியர் கணக்கில். மனிதன் வழியாகப் போகும் கால் ஆம்பியர் அதற்கு இன்னொரு மின்விசிறியைப் போட்ட மாதிரி. ஹெச்.டி. லைனில் சப்ஸ்டேஷன் ட்ரிப் ஆகலாம்தான், ஆனால் அதற்குள் நடக்க வேண்டியது நடந்திருக்கும். லைனைச் சோதிக்க மறுபடி மின்சாரம் விடப்படலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. கரண்ட் இல்லாத நேரம்தானே? இது தனியாகப் பேச வேண்டியது, கீழே வருகிறது.

கோலின் நீளம்: ஒரு சின்னக் கணக்கு

மின்கம்பி எவ்வளவு உயரத்தில் ஓட வேண்டும் என்பதற்கு விதி உண்டு. தெருவை ஒட்டியும் குறுக்கேயும் போகும் எல்.டி., 11,000 வோல்ட் லைன்களுக்குத் தரையிலிருந்து குறைந்தபட்சம் 5.5 முதல் 6.1 மீட்டர் வரை, இடத்தைப் பொறுத்து. கட்டடத்தின் மேல் போனால் மொட்டை மாடியிலிருந்து எல்.டி. 2.5 மீட்டர், 11,000 வோல்ட் 3.7 மீட்டர் மேலே இருக்க வேண்டும். பக்கவாட்டில் இரண்டுக்குமே 1.2 மீட்டர்.

இந்த இடைவெளியெல்லாம் மனிதன் வெறுங்கையோடு நடமாடுவதை வைத்துப் போட்டவை. கையைத் தூக்கினால் நமக்கு 2 மீட்டர். தரையில் நின்று 5 மீட்டர் தொரட்டியைத் தூக்கினால் நுனி 7 மீட்டரில், அதாவது லைனைத் தாண்டி. மாடியில் நின்று 3 மீட்டர் கோலைத் தூக்கினாலே 5 மீட்டர், ஹெச்.டி. லைனையும் தாண்டியாயிற்று. பக்கவாட்டு 1.2 மீட்டர் என்பது கையை நீட்டினால் அரை மீட்டர் கூட மிஞ்சாத தூரம். வீட்டைக் கட்டி முடித்தபிறகு சிட்-அவுட், பால்கனி என்று வெளியே இழுத்த வீடுகளில் அதுவும் இருப்பதில்லை. மொத்தத்தில், லைன் விதிப்படி சரியாக இருந்தாலும்கூடக் கையில் கோல் வந்த நொடியில் நீங்கள் அந்த விதிக்கு வெளியே போய்விடுகிறீர்கள்.

"கம்பியிலிருந்து கரண்ட் தாவிப் பிடிக்கும்" என்று சொல்வார்கள். 11,000 வோல்ட் லைன் காற்றில் தாவும் தூரம் ஓரிரு சென்டிமீட்டர் அளவுதான். ஆபத்து தாவுவதில் இல்லை, கோல் ஆடுவதில் இருக்கிறது. 5 மீட்டர் கோலைப் பிடித்த கை வெறும் 5 டிகிரி சாய்ந்தால் நுனி 40 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். நுனியில் இரும்புக் கொக்கி கனக்கும், அலுமினியக் குழாய் வில்லாக வளையும், காயின் காம்பு சட்டென்று அறுந்ததும் இழுத்துக்கொண்டிருந்த விசை விடுபட்டுக் கோல் மறுபக்கம் துள்ளும். நம் கண் அப்போது விழுகிற காயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், கோல் நுனியை அல்ல. விபத்து நடக்கும் நொடி பெரும்பாலும் அதுதான்.

அதனால் என் கருத்து இது: கோலைத் தூக்கி எந்தப் பக்கம் சாய்த்தாலும் நுனிக்கும் கம்பிக்கும் 3 மீட்டர் மிஞ்சாத இடத்தில் அந்த வேலையை நாம் செய்யக்கூடாது. இடைவெளி இருக்கிற இடத்திலும் அலுமினியமும் ஜி.ஐ. பைப்பும் வேண்டாம். முன்பெல்லாம் தொரட்டி, அலக்கு எல்லாம் மூங்கிலில்தான் இருந்தன. எடை குறைவு, மடக்கி வைக்கலாம் என்று அலுமினியத்துக்கு மாறினோம், சாவு அதோடு சேர்ந்து வந்தது. காய்ந்த மூங்கில் எவ்வளவோ மேல், ஆனால் பச்சை மூங்கிலும் மழையில் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். பி.வி.சி. பைப்பும் மேலே தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் அப்படியே.

பச்சை மரமும் ஒரு கம்பிதான்

உயிரோடு இருக்கும் மரம் முழுக்கத் தண்ணீரும் கரைந்த உப்புகளும். கிளை லைனில் படும் இடத்தில் இலை கருகியிருந்தால், காற்றடிக்கும்போது பொறி தெரிந்தால், ராத்திரியில் இர்ரென்று சத்தம் வந்தால் மரத்துக்குள் மின்சாரம் கசிகிறது என்று அர்த்தம். அந்த மரத்தில் ஏறுவது மட்டுமல்ல, மழை நேரத்தில் அதன் தண்டில் கை வைப்பதும், அதில் கட்டிய துணிக்கொடியைத் தொடுவதும் ஆபத்து. தென்னை மட்டை ஐந்து மீட்டர் வரை நீளும், வெட்டியதும் நேராக விழாமல் ஆடிக்கொண்டே விலகி விழும், போகிற வழியில் லைனில் சாய்ந்தால் கீழே கயிற்றைப் பிடித்திருப்பவருக்கும் அடி.

சரி, கரண்ட் இல்லாதபோது வெட்டலாமா? மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை என்று அறிவிப்பு வரும்போது, பலர் அன்றைக்குத்தான் அரிவாளை எடுக்கிறார்கள். அதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. வேலை சீக்கிரம் முடிந்தால் சொன்ன நேரத்துக்கு முன்பே சப்ளை வரலாம். உங்கள் வீட்டுக்கு சப்ளை இல்லை என்பதால் வீட்டு மேல் போகும் ஹெச்.டி. லைனிலும் இல்லை என்று ஆகாது, அது வேறு ஃபீடராக, அதாவது சப்ஸ்டேஷனிலிருந்து தனியாக வரும் பாதையாக இருக்கலாம். தெருவில் யாரோ ஜெனரேட்டரைச் சரியான மாற்று ஸ்விட்ச் இல்லாமல் இணைத்திருந்தால், அது ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி லைனுக்கே மின்சாரத்தை ஏற்றும்.

மின்வாரிய ஊழியர்களே வெறும் கரண்ட் கட்டை நம்பி லைனில் கை வைப்பதில்லை. எல்.சி. என்று அவர்கள் சொல்லும் லைன் கிளியர் வாங்குவார்கள். இன்ன லைனை அணைத்திருக்கிறோம், நீங்கள் திருப்பிச் சொல்லும்வரை ஏற்ற மாட்டோம் என்று பொறுப்பில் இருப்பவர் தரும் உறுதி அது. அதற்கப்புறமும் வேலை செய்யும் இடத்தில் கம்பிகளை எர்த் ராடு போட்டுத் தரையோடு இணைத்த பிறகுதான் தொடுவார்கள். இந்த இரண்டுமே இல்லாமல் நாம் எந்தத் தைரியத்தில் தொடுவது? லைனை ஒட்டிய கிளைக்கு உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், அல்லது தமிழக மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குங்கள். நாலு தடவை கேட்க வேண்டி வரலாம். கேளுங்கள்.

அடிபட்டவரைப் பார்த்தால்

1. ஓடிப்போய்த் தொடக்கூடாது. இரண்டாவது சாவு இங்கேதான் நடக்கிறது. மனைவி, மகன், பக்கத்து வீட்டுக்காரர் என்று பாசத்தில் ஓடி வருபவர்கள்தான் பலியாகிறார்கள்.

2. அறுந்த கம்பி தரையில் கிடந்தால் அதைச் சுற்றி மண்ணிலேயே மின்னழுத்தம் பரவியிருக்கும், கம்பிக்குக் கிட்டே அதிகமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும். அகலக் கால் வைத்தால் இரண்டு பாதத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கும். மாடுகள் இப்படிக் கூட்டமாகச் சாவதற்குக் காரணம் முன்கால், பின்கால் இடைவெளி அதிகம் என்பதுதான். குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டால் பாதங்களைச் சேர்த்து வைத்து, தரையைவிட்டுத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வெளியே வாருங்கள்.

3. வீட்டு வயரில் அடித்திருந்தால் முதலில் மெயினை அணையுங்கள். காய்ந்த கட்டையால் தள்ளுவது என்பது வீட்டு மின்சாரத்துக்கு மட்டும், அதுவும் மெயின் எங்கே என்று தெரியாதபோது. தெரு லைன் என்றால் கட்டையோடும் கிட்டே போகாதீர்கள், மின்வாரியத்துக்கும் 108-க்கும் உடனே போன் செய்யுங்கள்.

4. மின்சாரம் நின்றது உறுதியானதும் மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, 5 சென்டிமீட்டர் அழுந்தும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை விடக்கூடாது. நடுங்கும் இதயத்தோடு கிடக்கும் ஒருவருக்கு அந்தச் சில நிமிடங்களில் மிச்சமிருக்கும் வாய்ப்பு அது மட்டும்தான்.

உயரம்

மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் முக்கால் விநாடியில் தரையைத் தொடுவார், அப்போது வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர். சுதாரிக்க நேரமே இல்லை. சுவர் விளிம்பிலோ கல்லிலோ முதுகெலும்பு பட்டால் போதும், மிச்ச வாழ்நாள் படுக்கையில்தான்.

முருங்கையில் ஏறக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை முனி இருக்கும் கதையோடு சேர்த்துச் சொல்லிவிட்டதால் பிள்ளைகள் அதை நம்புவதில்லை. உண்மையான காரணம் மரத்துக்குள் இருக்கிறது. ஒரு கிளையை ஒடித்துப் பாருங்கள். தொடை பருமன் இருந்தாலும் நார் இல்லாத, நீர் கோத்த, தக்கை மாதிரி வெள்ளைக் கட்டை. வேம்போ புளியோ முறியும் முன் வளையும், மடமடவென்று சத்தம் கொடுக்கும், நமக்கு இறங்க ஒரு நொடி கிடைக்கும். முருங்கை எந்த எச்சரிக்கையும் தராமல் கணுவோடு பொளக்கென்று பிட்டுக்கொண்டு வரும், மழைக்குப் பிறகு இன்னும் மோசம்.

இதற்கு நல்ல தீர்வு ஏணியே தேவைப்படாதபடி மரத்தை வைத்துக்கொள்வது. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பது பழமொழியிலேயே இருக்கிறது. பெரியகுளம் பி.கே.எம்.-1 ரகத்தைப் பயிரிடும் விவசாயிகள் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவில் வெட்டி மறுதாம்பு விடுகிறார்கள், பக்கக் கிளைகள் வெடித்து மறுபடி காய்க்கிறது. வீட்டு மரத்தையும் வருடம் ஒருமுறை அப்படிக் குறைத்தால் காய் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும், தொரட்டியும் வேண்டாம், மாடியும் வேண்டாம், மின்கம்பியும் பக்கத்தில் வராது. மழை தொடங்கும் முன் செய்துவிட வேண்டும்.

ஏணி போட்டே ஆக வேண்டும் என்றால், சாய்க்கும் உயரம் நான்கு பங்கு என்றால் ஏணியின் அடி மரத்திலிருந்து ஒரு பங்கு தள்ளி இருக்கட்டும். நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர். இதைவிட நெட்டாக இருந்தால் பின்னால் சாயும், படுக்கையாக இருந்தால் அடி சறுக்கும். ஏணியின் தலையை மரத்தண்டோடு கயிற்றால் கட்டுங்கள், வெட்டப் போகும் கிளையில் ஒருபோதும் சாய்க்காதீர்கள். கிளை விழுந்ததும் பாரம் குறைந்து, மிச்சக் கிளை மேலே எழும்பி ஏணியைத் தட்டிவிடும்.

வெட்டும் கிளை என்ன செய்யும்?

20 சென்டிமீட்டர் தடிமன், 3 மீட்டர் நீளம். ஒரு நடுத்தர வேப்பங்கிளை இது. பச்சையாக இருக்கும்போது கட்டை மட்டும் 80 கிலோவைத் தாண்டும், இலையும் சிறுகிளையும் தனி. அதாவது ஒரு ஆளின் எடையைத் தலைக்கு மேல் அறுத்து விடுகிறோம்.

மேலிருந்து மட்டும் அறுத்துக்கொண்டே போனால், பாதி அறுபட்டதும் கிளை தன் பாரத்தில் தொங்கும், அடிப்பட்டையைத் தண்டு வரைக்கும் கிழித்துக்கொண்டு ஊஞ்சல் மாதிரி நம் பக்கமே வரும். அதைத் தவிர்க்க மூன்று வெட்டு.

1. தண்டிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு.

2. அந்த இடத்துக்குச் சில சென்டிமீட்டர் வெளியே, மேலிருந்து. கிளை அடிவெட்டு வரைக்கும் மட்டும் பிளந்து விழும்.

3. மிஞ்சிய கட்டையைத் தண்டோடு சேரும் இடத்திலுள்ள புடைப்பை விட்டுவிட்டு அறுத்து எடுப்பது. அந்தப் புடைப்பிலிருந்துதான் மரம் காயத்தை மூடும்.

புயலுக்குப் பிறகு கீழே கிடக்கும் மரத்தைப் பார்த்தால் ஆபத்து முடிந்துவிட்டது போலத் தோன்றும். அதில்தான் அதிகம். 2016 டிசம்பரில் வர்தா சென்னையில் மரங்களைச் சாய்த்தது, 2018 நவம்பரில் கஜா டெல்டாவின் தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்தது. இப்படி ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கும் மரங்கள் வில்லில் ஏற்றிய நாண் மாதிரி. வளைந்த கிளையின் வெளிப்பக்கம் இழுபட்டு நிற்கும், உள்பக்கம் நசுங்கி நிற்கும். இழுபட்ட பக்கத்தில் அரிவாள் பட்டால் கிளை முகத்தில் அறையும், நசுங்கிய பக்கத்தில் ரம்பம் விட்டால் கவ்விக்கொள்ளும். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்தால் அதன் பாரம் போய், மண்ணோடு சேர்ந்த வேர்த்தட்டு பழைய இடத்துக்கே எழுந்து உட்காரும். அந்தக் குழிக்குள் யாரும், முக்கியமாக வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள், நிற்கவே கூடாது. இலைக்குவியலுக்குள் அறுந்த மின்கம்பி இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மெஷின்கள்

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் செயின்சாவை வாங்கிவிட்டால் வேலை தெரிந்துவிட்டது என்று ஆகாது. சங்கிலி மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். சங்கிலியைத் தாங்கும் நீளமான இரும்புப் பட்டையின் நுனியில் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் அறுக்காமல் தடுக்கி, மெஷின் முழுவதும் மேல்நோக்கி எகிறி, பிடித்திருப்பவரின் கழுத்துக்கோ முகத்துக்கோ வரும். முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தகடு அந்த நேரத்தில் சங்கிலியை நிறுத்துவதற்கான பிரேக். அது வேலை செய்யாத மெஷினைத் தொடாதீர்கள், ஏணியில் நின்றோ தோளுக்கு மேல் தூக்கியோ ஓட்டாதீர்கள். ஆங்கிள் கிரைண்டரில் மாட்டி மரம் அறுக்க என்று விற்கிறார்களே சங்கிலித் தட்டு, அதை வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் கருவி அது, எகிறினால் நிறுத்த பிரேக் கிடையாது.

புல் வெட்டும் பிரஷ் கட்டரில் நைலான் கயிறுதானே என்று அலட்சியம் வரும். நிமிடத்துக்கு 6000 சுற்று, நடுவிலிருந்து 20 சென்டிமீட்டர் நீளம் என்றால் கயிற்றின் நுனி வேகம் மணிக்கு 450 கிலோமீட்டர். அது தட்டிவிடும் ஜல்லிக்கல் கண்ணில் பட்டால் கண் போய்விடும். ஓட்டுபவருக்குக் கண்ணாடியும் பூட்ஸும் வேண்டும், மற்றவர்கள் 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இந்தக் கண்ணாடி எருக்கம்பால், கள்ளிப்பால் தெறிக்கும் வேலிகளை வெட்டும்போதும் உதவும்.

கதண்டும் பாம்பும்

பனை, தென்னை மட்டைகளுக்குள் கதண்டு, அதாவது பெரிய குளவி, கூடு கட்டியிருப்பது கீழிருந்து தெரியாது. கதண்டு ஒன்றே பல தடவை கொட்டும், ஒன்றை நசுக்கினால் அதிலிருந்து வரும் வாடை மற்றவற்றைக் கூப்பிடும். அதனால் அடித்துக்கொண்டு நிற்காமல் முகத்தை மூடிக்கொண்டு மூடிய அறைக்குள் ஓடுங்கள். ஏறும் முன் ஐந்து நிமிடம் நின்று, ஒரே இடத்துக்குப் பூச்சிகள் போய் வருகின்றனவா என்று மேலே பாருங்கள். இருந்தால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடலாம், கூட்டை அழிக்க அவர்கள் வருகிறார்கள். கொட்டு வாங்கியவருக்கு உதடு வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, தலை சுற்றினாலோ அது ஒவ்வாமை. சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்க நேரமில்லை, அட்ரினலின் ஊசி போடும் இடத்துக்கு உடனே போக வேண்டும்.

மட்டைக் குவியலையும் விறகையும் கையால் வாராமல் முதலில் கம்பால் புரட்டுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் இங்கே அரசு மருத்துவமனைகளில் தரப்படுகிறது, அதனால் பாம்பைப் பிடித்துக் காட்ட வேண்டிய தேவை இல்லை. கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கை காலை அசைக்காமல் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முக்கியம்.

ஆளைக் கூப்பிட்டால்

இவ்வளவையும் படித்துவிட்டு "ஆளை வைத்தே வெட்டிவிடலாம்" என்று தோன்றினால் நல்ல முடிவுதான். ஆனால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் அவருக்காக மாறிவிடாது. 20 மீட்டர் தென்னையிலிருந்து விழும் காய் தரையைத் தொடும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும், அவர் விழுந்தாலும் அதே வேகம்தான். உங்கள் மரத்தைப் பற்றி அவரைவிட உங்களுக்குத் தெரிந்தவை சில இருக்கும்: எந்தப் பக்கம் லைன் போகிறது, எந்தக் கிளை போன வருடம் விரிந்தது, கொண்டையில் கூடு இருந்ததா, தண்டில் சிவப்புக் கூன்வண்டு துளைத்த ஓட்டை இருக்கிறதா. அவர் ஏறும் முன் நின்று சொல்லுங்கள். மழை தூறினால், மரம் வழுக்கினால், நாளைக்கு வரச் சொல்லுங்கள், வந்துபோன கூலியைக் கொடுத்து அனுப்புங்கள். கூலி போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் ஈரமரத்தில் ஏறுகிறார்கள்.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் "தென்னை மரங்களின் நண்பர்கள்" என்ற பெயரில் மரமேறும் கருவியோடு பயிற்சி தருகிறது. மரம் ஏறுபவர்களுக்கு கேரா சுரக்ஷா என்ற விபத்துக் காப்பீடும் அதே வாரியத்தின் வழியாக இருக்கிறது. உங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் மரமேறுபவரிடம் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அவருடைய விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.